பத்தொன்பதாம் பெருக்கு

ஆற்றோரப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை உட்கார்ந்திருந்தவர்கள் தலைப்பைப் பார்த்ததுமே சிரித்திருப்பீர்கள். மற்றவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. ஊர் உலகத்தில் ஆடிப் பதினெட்டு அன்று ஆறு பெருகும். எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் வற்றும். இதை நாலு பேர் கூடிய இடத்தில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. எழுதுவதில் ஒரு வசதி, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

நம் புதுக்கோட்டைச் சீமையில் ஆறு என்றால் மணல். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்ச நாள் தண்ணீர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் ஆடு படுக்கும், பையன்கள் கபடி ஆடுவார்கள், திருவிழாவுக்கு நாடகக் கொட்டகை போடுவார்கள். எங்கள் ஆறு அந்தச் சாதியில்லை. சித்திரை வெயிலிலும் கணுக்கால் நனைய ஓடும். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் போகும்போது தலையை நீட்டிப் பார்ப்பார்கள். "எங்க ஊரு ஆறு வத்தாத ஆறு" என்று சொல்லும்போது என் அப்பாவுக்கு ஒரு சுற்று உடம்பு கூடும்.

அந்த ஆறு மேற்கே மலையில் பிறக்கிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலும் எல்லா ஆறும் மலையில் பிறக்கும் என்றுதான் பாடம். எங்கள் ஆறு பிறந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். டவுன் முடிகிற இடத்தில் ஒரு பெரிய ரைஸ்மில் இருந்தது. அதன் பின் மதிலில் பன்றி நுழைகிற அகலத்துக்கு ஒரு சிமிண்டுக் குழாய் பதித்திருந்தார்கள். அதற்கு மேற்கே வெறும் மணல். அதற்குக் கிழக்கே ஆறு. மில்லில் நெல்லைத் தொட்டி தொட்டியாக ஊறப்போட்டு, வடித்து, ஆவியில் அவிப்பார்கள். வடித்த தண்ணீர் மஞ்சளாக, ஆவி பறக்க, அந்தக் குழாய் வழியாக வந்து விழும். அதுதான் மலை, அதுதான் அருவி.

பிறந்த இடத்திலிருந்து கிழக்கே வந்தால் முதலில் லேத்துப் பட்டறைகள். அங்கே ஆற்றின் மேல் எண்ணெய் மினுங்கும், வெயில் பட்டால் மயில் கழுத்து மாதிரி இருக்கும். அடுத்து சாயப்பட்டறை. அதைத் தாண்டிச் சுடுகாடு. அப்புறம் எங்கள் ஊர்த் தரைப்பாலம். பாலம் என்று பெயரே தவிர, ஆற்றின் குறுக்கே போட்ட சிமிண்டுத் தளம்தான். தண்ணீர் அதன் மேலேயே ஓடும், பஸ்ஸும் அதன் மேலேயே போகும். பாலத்துக்குக் கிழக்கே செங்கல் சூளைகள். அதற்கும் கீழே, வெகுதூரம் வளைந்து வளைந்து போய், இன்னொரு ஊர். அந்த ஊரைக் கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்பால் ஒரு கண்மாய், அதற்கப்பால் கடல் என்று டீச்சர் சொன்னார். அவரும் போய்ப் பார்த்ததில்லை.

நம் ஆற்றின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? மில் பக்கம் அவியல் நெல் வாசம், பசியைக் கிளப்பும். பட்டறைப் பக்கம் இரும்பும் கிரீஸும். சாயப்பட்டறையை நெருங்கும்போது மூக்கு எரியும். கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தத் துறையில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவோம். கிழமையைக்கூட ஆற்றைப் பார்த்துச் சொல்லலாம். சாயப்பட்டறையில் ஒரு நாளைக்கு ஒரு கலர் ஓடும். நீலம் ஓடினால் திங்கள், சிவப்பு ஓடினால் வியாழன். எங்கள் வெள்ளாடு ஒரு வியாழக்கிழமை தண்ணீரில் இறங்கி வயிறு மட்டும் ரோஸ் கலராகத் திரும்பியது. அம்மா அதைச் சந்தைக்குக் கொண்டுபோனபோது, வாங்க வந்த ஆள் வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எந்த நாட்டு ஆடு?" என்று கேட்டாராம்.

வகுப்பில் டீச்சர் ஒரு நாள் என்னை எழுப்பி, "ஆத்துத் தண்ணிக்கு என்ன நிறம்?" என்றார்.

"இன்னைக்கா டீச்சர்?" என்று கேட்டேன்.

நான் வகுப்பில் வாய் திறந்ததே அபூர்வம். திறந்த அன்றைக்குக் காதைத் திருகிவிட்டார். தண்ணீருக்கு நிறம் கிடையாது என்று பலகையில் எழுதிப்போட்டு, எல்லோரும் சேர்ந்து சொல்லச் சொன்னார். சொன்னோம். ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

மில் குழாய்க்குப் பக்கத்தில் வெந்நீர்த் துறை ஒன்று இருந்ததும் ஞாபகம் வருகிறது. முழங்கால் வலிக்காரர்கள், வாதக்காரர்கள் அங்கே இடுப்பளவு குழி தோண்டி உட்கார்ந்திருப்பார்கள். பூமிக்கடியில் நெருப்பு இருக்கிறது, அம்மன் மூட்டிய நெருப்பு என்று யாரோ கிளப்பிவிட, அன்னவாசல் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். ஒருவர் கரையில் சூலம் நட்டார். கடைசியில் மில் முதலாளியின் மாமியாரே காரில் வந்து இறங்கினார். மருமகன் மில்லுத் தண்ணீர் என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. என் சித்தப்பா அந்த மில்லில் நெல் அவிக்கிற வேலை செய்தார். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தவர், "மொதலாளி வீட்டு அம்மா வந்திருக்காகன்னு தொட்டிய முன்னாடியே தெறந்து விட்டேன்" என்று வீட்டில் வந்து சொன்னார். அந்த அம்மாளுக்குக் கால் வலி குறைந்ததாகவே கேள்வி.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. குளித்தாலும் அவர் மேல் அவியல் வாசம் போகாது. பெண்களைப் பார்த்தால் தரையைப் பார்த்துப் பேசுவார். அவருக்குப் பெண் தேடித் தந்தது ஆறுதான்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூக்குவாளியைக் குழாயடியில் கழுவியவர், மூடியைப் போட்டு ஓரமாக வைத்தார். அந்த நேரம் உள்ளே தொட்டி திறந்துவிட்டார்கள். அலுமினியத் தூக்குவாளி மிதந்துகொண்டு கிளம்பிவிட்டது. அம்மா கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த வாளி அது. மறுநாள் சித்தப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு கரையோரமாகக் கிழக்கே தேடிப் போனார். சூளைகளில் கேட்டோம். காணவில்லை. கீழூர்த் துறையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் எங்கள் வாளி, உள்ளே சோப்பு.

சித்தப்பா தண்ணீரைப் பார்த்து, "அது எங்க மதினியோட வாளி" என்றார்.

"அப்புடியா? இப்பத்தான் மெதந்து வந்துச்சு. பேரு போட்டிருக்கா?"

"இல்ல."

"பேரு இல்லேன்னா எங்க ஆத்துல வந்தது எங்களுது."

"ஆறு எங்க ஊருல இருந்துதான் வருது."

"அப்ப ஒங்க ஊருலயே நிறுத்தி வச்சுக்க வேண்டியதுதானே?"

சித்தப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டு அரை நாள் நின்றார். நான் பாரில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வாளி கிடைத்தது. அதற்குப் பிறகு சித்தப்பாவின் துண்டு, சோப்பு டப்பா, ஒரு கால் ரப்பர் செருப்பு எல்லாம் மாதம் ஒன்றாக ஆற்றோடு போக ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் மறுநாள் தேடிப் போவார். எங்கள் ஊரில் விழுந்த பொருள் கீழூருக்குப் போய்ச் சேர ஒரு நாள் பிடிக்கும் என்று அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. "இன்னும் வீட்டுல தொலைக்கிறதுக்கு என்ன இருக்கு தம்பி? ஒரலை வேணா உருட்டி விடட்டா?" என்று அம்மா கேட்ட பிறகுதான் விஷயம் அப்பாவின் காதுக்கு வந்தது.

கீழூரில் போய்ப் பெண் கேட்டார்கள். பெண்ணின் அப்பா சாது. யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். அந்த வீட்டில் முடிவு எடுப்பவர் அவருடைய அக்கா, பெண்ணுக்கு அத்தை. கட்டையான உருவம், காதில் பெரிய தோடு, வாயில் எப்போதும் வெற்றிலை.

அந்த அத்தை இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து சவூதி மாப்பிள்ளை ஒருவன் கேட்டிருக்கிறான், ஆவணி பிறந்ததும் அவன் வீட்டார் தட்டோடு வருகிறார்கள்; அதற்குள் எங்கள் பக்கம் உறுதியானால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இரண்டாவது, அவர்கள் வீட்டு வழக்கம். உறுதிப் பாக்கை வீட்டுக்குள் வைத்துக் கொடுக்கமாட்டார்கள். மாப்பிள்ளை ஊர் ஆற்றிலோ வாய்க்காலிலோ ஓடுகிற தண்ணீரில் இரண்டு பக்கத்தாரும் கால் நனைய நின்று மாற்ற வேண்டும்.

"எந்தத் தண்ணியில எம்புள்ள பொழைக்கப் போகுதோ அந்தத் தண்ணி சாட்சி. கெணத்துத் தண்ணி, கொளத்துத் தண்ணி செல்லாது. ஓடணும்" என்றார்.

அப்பாவுக்கு உடம்பு ஒரு சுற்றுக் கூடியது. "எங்க ஊருக்காரன்கிட்டயா இதச் சொல்றீங்க! வத்தாத ஆறு. நாள மட்டும் சொல்லுங்க."

அது ஆடி மாதம். ஆடியில் பாக்கு மாற்றக் கூடாது. ஒரே ஒரு நாள் விலக்கு உண்டு. அத்தை அந்த நாளைச் சொன்னார். "பதினெட்டாம் பெருக்கு. காலையில எங்க ஊருல சாமி கும்பிட்டுட்டு மத்தியானம் வந்துர்றோம்." அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

இங்கேதான் நம் ஊர் விசேஷத்தைச் சொல்ல வேண்டும். மில் ஆரம்பித்த வருடம், பெண்கள் பதினெட்டாம் தேதி முளைப்பாரியும் காதோலை கருகமணியுமாக ஆற்றில் இறங்கியிருக்கிறார்கள். வெறும் மணல். முதல் நாள் வரை ஓடிய ஆற்றைக் காணோம். கோயில் பூசாரி யோசித்துவிட்டு, "ஆத்தாளுக்கு மத்த ஊருக் கூட்டத்துல வந்து நிக்க இஷ்டமில்ல. நமக்குன்னு தனியா ஒரு நாள் வேணுங்கிறா" என்றாராம். மறுநாள் போனால் ஆறு சலசலவென்று ஓடியது. அன்று முதல் எங்கள் ஊரில் பத்தொன்பதாம் பெருக்கு. பதினெட்டாம் பெருக்குக்கு மில் லீவு என்பது ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. என் சித்தப்பாவே அன்றைக்கு வீட்டில்தான் படுத்திருப்பார். ஆனால் தெரிந்த விஷயத்தை ஒரு பானையிலும் நம்புகிற விஷயத்தை வேறு பானையிலும் போட்டு மூடி வைத்திருந்தார்கள். இரண்டையும் யாரும் கலக்கவில்லை.

அம்மாதான் கலந்தார். அப்பா வந்து நாளைச் சொன்னதும், "ஏங்க, அன்னைக்கு மில்லு லீவுல்ல?" என்றார்.

"இருந்தா?"

"ஆத்துல தண்ணி இருக்காதே."

"ஆறு என்ன மில்லு வேலைக்காரனா, லீவு போட? நல்ல காரியம் பேசுறப்ப இந்தா வந்துட்டா."

"பத்தொன்பதுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாம்."

"ஏன்னு கேட்டா என்ன சொல்றது? வத்தாத ஆறுன்னு மீசைய முறுக்கிட்டு வந்திருக்கேன்."

"அப்ப மீசையிலதான் கால நனைக்கணும்."

அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. சித்தப்பா வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார்.

பதினெட்டாம் தேதி விடிந்ததும் நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆறு வற்றத் தொடங்கியிருந்தது. காலைச் சாப்பாட்டுக்கெல்லாம் பாலத்தின் சிமிண்டு காய்ந்துவிட்டது. பள்ளத்தில் மட்டும் அங்கங்கே கொஞ்சம் தேங்கி, முந்தின நாள் சாயத்தோடு ஊதாவாகக் கிடந்தது. சித்தப்பா சைக்கிளை எடுத்தார். அம்மாவைப் பார்த்து, "மதினி, எப்புடியாச்சும் தண்ணியோட வாரேன். அவுக வந்தா பேச்சுக் குடுத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு டவுன் பக்கம் மிதித்தார்.

மத்தியானப் பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கினார்கள். அத்தை, பெண்ணின் அப்பா, சொந்தக்காரர்கள் சிலர், தட்டில் பூ, பழம், வெற்றிலை, பாக்கு. பஸ் தரைப்பாலத்தைத் தாண்டித்தான் நிற்கும். அத்தை இறங்கியவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே பாலத்துக்கு நடந்தார். நடுப்பாலத்தில் நின்று மேற்கே பார்த்தார். கிழக்கே பார்த்தார்.

"எங்கப்பா ஆறு?"

அப்பா, "வாங்க, முதல்ல வந்து மோரு குடிங்க. இன்னைக்கு ஆறு கொஞ்சம் பிந்தி வரும்" என்றார்.

"பிந்தி வர்றதுக்கு இது என்ன டவுன் பஸ்ஸா?"

"மேக்க எங்கிட்டோ அடைச்சிருக்காக போல."

"மேக்க அடைச்சா எங்க ஊருக்கு எப்புடி வந்துச்சு? காலையில கணுக்கால் தண்ணியில நின்னுல்ல நாங்க மாவிளக்குப் போட்டோம்! மேல இருக்குற ஊருல தண்ணி இல்ல, கீழ இருக்குற ஊருல தண்ணி ஓடுது. இது என்ன அதிசயம்?"

"அதுவும் சரிதான்" என்றார் பெண்ணின் அப்பா.

"நீ சும்மா இரு. ஏப்பா, இது அதே ஆறுதானா, இல்ல வேற ஆத்தக் காட்டிப் பொண்ணு கேட்டீகளா?"

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் விடவில்லை. "மேல தண்ணி இல்லாம கீழ ஓடுதுன்னா, எங்க தண்ணிய நீங்கதான் ராத்திரி வெட்டி இழுத்திருக்கணும்" என்றார். கீழூர்க்காரர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டினார். ஆற்றைக் குடத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டதாகவே இரண்டு பக்கமும் பேசத் தொடங்கிவிட்டார்கள். கூட்டம் கூடிவிட்டது. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா மணலைப் பார்த்தார். அம்மா முன்னால் வந்தார்.

"மதினி, கோவிச்சுக்காதீங்க. எங்க ஆறு மில்லுலருந்து வருது. மில்லு இன்னைக்கு லீவு. இங்க ஓடுற தண்ணி ஒங்க ஊருக்கு வர ஒரு நாளாகும். நீங்க காலையில பாத்தது எங்க ஊரு நேத்துத் தண்ணி. நாளைக்கு ஒங்க ஊருலயும் காஞ்சுதான் கெடக்கும். பெருக்கு முடிஞ்ச மறுநாளு யாரு ஆத்தப் போயிப் பாக்குறா?"

அத்தை வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப நாங்க மாவிளக்குப் போட்டுக் கும்பிட்டது?"

"நெல்லு ஊறுன தண்ணிங்க."

"யாரு வடிச்சது?"

"எங்க கொழுந்தன்தான்."

"அடப்பாவி" என்றார் அத்தை. "பொண்ணக் குடுக்குறதுக்கு முன்னாடியே மாப்ளையக் கும்பிட்டுல்ல வந்திருக்கோம்!"

"அதுவும் சரிதான்" என்றார் பெண்ணின் அப்பா.

கூட்டம் சிரித்துவிட்டது. துண்டு கட்டியவர் அவிழ்த்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஊரெல்லாம் அறிந்ததை ஊர் நடுவில் சொன்னதற்காக அவர் அம்மாவோடு ஆவணி வரை பேசவில்லை என்பது தனிக்கதை. ஆனால் அத்தை சிரித்த கையோடு சொல்லிவிட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். மில்லுத் தண்ணியோ மழைத் தண்ணியோ, எங்க வழக்கத்துக்கு ஓடணும். சாயங்காலப் பஸ்ஸுக்குள்ள ஓடுனா பாக்கு. இல்லேன்னா எம்மேல குத்தம் சொல்லாதீக. ஆவணியில அவுக வர்றாக."

சாயங்காலப் பஸ்ஸுக்கு அதிக நேரமில்லை. சித்தப்பா போன பாதையில் தூசி கூடக் கிளம்பவில்லை.

பாலத்துக்கு மேற்கே, கரையில் ஒரு அடிபம்பு இருந்தது. அம்மா அதைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏத்தா, வீட்டுக்கு ஒரு கொடம் எடுத்துட்டு வாங்க" என்று குரல் கொடுத்தார்.

ஆற்றிலிருந்து பெண்கள் குடத்தில் தண்ணீர் எடுத்துப் போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஆற்றில் ஊற்றுவதை நம் ஊரில்தான் பார்த்திருப்பீர்கள். முதல் குடத்தை மணலில் ஊற்றினார்கள். விழுந்த இடம் கறுத்தது, அவ்வளவுதான். இன்னொரு குடம். மணல் "இன்னும் கொண்டா" என்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அம்மாதான் பாலத்துச் சிமிண்டைக் காட்டினார். சிமிண்டு குடிக்காது. ஆனால் பாலத்தின் மேல் ஆட்டுப் புழுக்கை, பஸ் கொட்டிய ஆயில், வைக்கோல். விளக்குமாற்றை எங்கள் கையில் கொடுத்துப் பிள்ளைகள் எல்லோரையும் இறக்கிவிட்டார். ஒரு ஆற்றையே கூட்டிப் பெருக்கிய ஆட்கள் நாம்.

அத்தை இதையெல்லாம் கண்டும் காணாமல் பாலத்தின் நடுவில் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். முகம் கிழக்கே.

"நான் இங்கிட்டுப் பாத்து நிக்கிறேன். அங்கிட்டு மேக்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தண்ணி கால்ல பட்டா தட்ட மாத்துவேன்."

அவர் எதிரில் அப்பா செருப்பில்லாமல் நின்றார். பெண்ணின் அப்பா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பெண்கள் படும் பாட்டைப் பொறுக்காமல் தட்டை ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஒரு குடத்தைத் தூக்கினார். சத்தம் கேட்டு அத்தை திரும்பாமலே கத்தினார்.

"டேய், கொடத்தக் கீழ வையி! நீ ஊத்துனா அது நம்ம தண்ணி. அவுக ஊருத் தண்ணியில்ல சாட்சி சொல்லணும்!"

"அதுவும் சரிதான்" என்று அவர் குடத்தை வைத்துவிட்டு வந்து நின்றார்.

அடிபம்பு ஊளையிட்டது. ஒருத்தி அடிக்க, ஒருத்தி பிடிக்க, வரிசையாகக் குடம் கைமாறி வந்தது. பாலத்தின் மேற்கு விளிம்பில் அம்மா நின்று, "இப்ப!" என்றார். எல்லாக் குடமும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன. தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. தூசியை முகத்தில் அப்பிக்கொண்டு, ஒரு வைக்கோலைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. பாதி வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. "ஐயோ" என்றது கூட்டம். அடுத்த வரிசைக் குடங்கள் கவிழ்ந்தன. பள்ளம் நிரம்பி, வழிந்து, தண்ணீர் கிழக்கே ஓடி, அத்தையின் குதிகாலைத் தொட்டது; அப்பாவின் விரல்களைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாலத்தின் மறு விளிம்பில் சொட்டியது.

"ஓடுதா?" என்றார் அத்தை.

"ஓடுது! ஓடுது!" என்று ஊரே கத்தியது.

"ஓடுதுக்கா" என்றார் பெண்ணின் அப்பா.

அத்தை தட்டை வாங்கி அப்பா கையில் கொடுத்தார். அப்பா கொடுத்த வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குலவைச் சத்தத்தில் சூளைக்காரர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். குலவை முடிவதற்குள் சிமிண்டு வெயிலில் காய ஆரம்பித்துவிட்டது.

எல்லோரும் அங்கேயே பாலத்தின் ஓரம் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பா வந்தார். சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். தலையெல்லாம் உமி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேரியரில் ஒரு சாக்கு மூட்டை, வழியெல்லாம் சொட்டிக்கொண்டு வந்தது. பாலத்துக்கு வந்ததும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அத்தையின் காலுக்குப் பக்கத்துத் தரையைப் பார்த்துப் பேசினார்.

"மில்லு கேட்டு பூட்டியிருக்கு. மொதலாளி குடும்பத்தோட காவேரியப் பாக்கத் திருச்சிக்குப் போயிட்டாராம். தொட்டியெல்லாம் கழுவிக் காயப்போட்டுட்டாக. பம்புசெட்டுக்காரர்ட்ட போனேன், கரண்டு இல்ல. என்ன செய்யிறதுன்னு தெரியல. ஐஸ் கம்பெனியில போயி ஒரு பாரு ஐஸ் கேட்டு வாங்கி, உமியப் போட்டுக் கட்டிட்டு வந்தேன். உருகுனா ஓடும்ல. கெளம்புறப்ப ஆள் நீளம் இருந்துச்சு. வெயிலு." சாக்கைப் பார்த்தார். அது ஒரு பூசணிக்காய் அளவுக்கு வந்திருந்தது. "இத வச்சு ஒரு காலு கூட நனையாது. நான் சொன்ன சொல்லுக்குத் தண்ணி கொண்டாற முடியல. நீங்க அந்த சவூதிக்காரருக்கே குடுத்துருங்க. அங்கிட்டு வீட்டுக்குள்ளயே பைப்புல வருதாம்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சித்தப்பா அதை அழுகை என்று நினைத்திருக்க வேண்டும், இன்னும் குனிந்துகொண்டார்.

அத்தை வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"குடுத்துரவா?"

சித்தப்பா தலையாட்டினார்.

"நல்லாப் பாத்துச் சொல்லு மாப்ளே. ஒங்க அண்ணன் கையில என்ன இருக்கு, பாரு."

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். அப்பாவின் மடியில் தட்டு. தட்டில் அவர்கள் கொண்டுவந்த பூவும் பாக்கும்.

"பாக்கு மாத்தி மோரும் குடிச்சாச்சு. இனிமே அவள இன்னொருத்தனுக்குக் குடுக்க நான் யாரு?"

சித்தப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தது ஐஸ் மூட்டையின் மேல். "எந்திரிங்க தம்பி, கீழ ஐஸு" என்று அம்மா சொன்னது அவர் காதில் விழவில்லை. வாயைத் திறந்தபடி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களின் முகத்தை அவர் நேராகப் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கீழேயிருந்து நூல் மாதிரித் தண்ணீர் ஒன்று புறப்பட்டது. உமியை மிதக்க விட்டுக்கொண்டு சிமிண்டில் கிழக்கே நகர்ந்தது. அத்தை பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கி அதற்கு வழி விட்டார்.